மலையேறிய வழக்கறிஞர்: மார்ஷல் நேசமணியும் ஏலமலையில் விடுபட்ட நம் மக்களும்

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 1 வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்ஷல் நேசமணியின் சிலைக்கு மாலை விழுகிறது. 1956ஆம் ஆண்டு அதே நாளில் அந்தத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. 'குமரித் தந்தை' என்று அவரை அழைப்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் 1954இல் அவர் கைதானது குமரியில் அல்ல, மூணாறில். நம் போடிநாயக்கனூருக்கு மேலே, மலை உச்சிக்கு அப்பால், தேயிலையும் ஏலமும் விளையும் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கைதானார். அந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். நவம்பர் 1 அவர்களுக்கு எதையும் கொண்டுவரவில்லை.

நேசமணியை நாம் நினைவுகூர வேண்டும். அவர் வென்ற கதையோடு, வெல்லாமல் போன இந்த மலையின் கதையையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் தம்பி தங்கைகளுக்காகவே இதை எழுதுகிறோம்.

முக்காலியும் நாற்காலியும்

அப்பாவு நேசமணி 1895 ஜூன் 12 அன்று விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்தார். நாடார் கிறித்தவக் குடும்பம். திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து, நாகர்கோவிலில் வக்கீல் தொழிலுக்கு வந்தார்.

அன்றைய திருவிதாங்கூரை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அங்கே அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1855இல்தான். நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். பொதுப் பாதையில் வில்வண்டி ஓட்டிப் போனதற்காக 1893இல் அய்யன்காளி அடிதடிக்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் 1907இல் தொடங்கிய சாது ஜன பரிபாலன சங்கம் வெங்ஙானூரில் தனக்கென ஒரு சமுதாய நீதிமன்றமே நடத்தியது. ஏன் நடத்த வேண்டியிருந்தது? அரசின் நீதிமன்றத்துக்குள் நம் மக்களால் காலெடுத்து வைக்க முடியாமல் இருந்ததுதான் காரணம். தீண்டாமை நீதிமன்ற வாசலிலும் நின்றது.

வாசலைத் தாண்டி உள்ளே போனவர்களையும் அது விடவில்லை. நாகர்கோவில் வக்கீல் சங்கத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. குடிதண்ணீர்ப் பானையும் தனித்தனி. கறுப்பு அங்கி ஒன்றுதான், உட்காரும் இடம் வேறு. இளம் வக்கீல் நேசமணி முக்காலிகளைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லோருக்கும் நாற்காலி போட வைத்தார், தனிப் பானையையும் ஒழித்தார் என்று இன்றும் குமரி மாவட்டத்தில் சொல்கிறார்கள். காலால் உதைத்தார் என்பார் ஒருவர், கையால் தூக்கி எறிந்தார் என்பார் இன்னொருவர். எப்படிச் சொன்னாலும் செய்தி ஒன்றுதான்: சட்டம் பேசும் இடத்திலேயே சாதி உட்கார்ந்திருந்தது, அதை எழுப்பிவிட ஒருவர் வேண்டியிருந்தது.

பாபாசாகேப் அம்பேத்கர் 1923இல் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியபோதும் நிலைமை வேறாக இருக்கவில்லை. மகாத் குளத்து நீருக்காக 1927இல் மக்களைத் திரட்டியவர், அதே குளத்துக்காக நீதிமன்றத்தில் பத்து ஆண்டுகள் வழக்காடி 1937இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். தெருவில் ஒரு போராட்டம், கோர்ட்டில் ஒரு போராட்டம். இரண்டையும் ஒரே ஆள் நடத்த முடிந்ததால்தான் அந்த வெற்றி சட்டமாக நின்றது.

சிறு நகரத்து வக்கீலின் இடம் அப்படிப்பட்டது. பட்டா என்ன சொல்கிறது, சம்மனில் என்ன எழுதியிருக்கிறது, போலீஸ்காரர் நீட்டும் தாளில் கைநாட்டு வைக்கலாமா கூடாதா என்று ஏழைக்குப் படித்துச் சொல்ல ஊரில் இருப்பது அவர் ஒருவர்தான். அந்த நம்பிக்கைதான் நேசமணியை வக்கீல் சங்கத்திலிருந்து நகராட்சிக்கும், அங்கிருந்து அரசியலுக்கும் கொண்டுபோனது. 1945இல் தொடங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு அவர் தலைவரானார். 1952 தேர்தலில் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குப் போனார்.

போடியிலிருந்து மேலே போன பாதை

மலைக்கு வருவோம். 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. காடு இருந்தது, முதல் இருந்தது, ஆள் இல்லை. ஆளைக் கங்காணிகள் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளில் நிலமில்லாத சேரிகள்தான் அவர்களுக்குக் கண்ணில் பட்டன. முன்பணம் கொடுத்துப் பிடித்து, மலைக்கு ஏற்றி, அந்தக் கடனிலேயே கட்டிப்போட்டார்கள்.

அந்தப் போக்குவரத்தின் வாசல் போடி. மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்தது. அந்த மலை ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1928இல் மதுரை - போடி ரயில் வந்தது. தேயிலைக்குக் கம்பிவடம் இருந்தது. ஏறிப்போன மனிதர்களுக்குக் கால்தான். குரங்கணி, போடிமெட்டு, தேவாரம்மெட்டு, கம்பம்மெட்டு என்று ஒவ்வொரு மெட்டும் நம் முன்னோர் சட்டி பானையோடும் கைக்குழந்தையோடும் ஏறிய இடம்.

ஏலத்தின் கதையும் அதேதான். உடும்பன்சோலைப் பக்கத்து ஏலக்காட்டின் முதலாளிகளில் போடி, கம்பம் பகுதிக்காரர்கள் ஏராளம். காய் விலைபோவதும் போடியில்தான். இன்றும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது. விடியலில் போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்து, இருட்டும் நேரத்தில் இறங்குகிறார்கள். நிலம் கேரளத்தில், முதல் கலப்பு, உழைப்பு நம்முடையது. மாநில எல்லை ஜீப்பை நிறுத்திப் பார்க்கும். சாதி எல்லை எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காமல் மேலே ஏறிவிடும்.

1954

மொழிவாரி மாநிலங்கள் வரப்போகின்றன என்று தெரிந்தபோது, தமிழர் வாழும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு. வடக்கே தேவிகுளம், பீர்மேடு. தேவிகுளத்தில் தமிழர் தெளிவான பெரும்பான்மை. பீர்மேட்டிலும் பெரும் தொகை.

1954 தேர்தலில் அந்தக் கட்சி திருவிதாங்கூர் - கொச்சி சட்டமன்றத்தில் 12 இடங்களை வென்றது. ஆட்சிக்கு வந்தவர் பட்டம் தாணுப் பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். மலையில் போலீஸ் கெடுபிடி கூடியது. தோட்டத் தொழிலாளர்கள் கைதானார்கள், கூட்டங்களுக்குத் தடை விழுந்தது. 1954 ஜூலையில் நேசமணியும் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் தடையை மீறி மூணாறு போய்க் கைதானார்கள்.

நாகர்கோவில் எங்கே, மூணாறு எங்கே! மலைத் தொழிலாளிக்கு அவர் சாதிக்காரர் அல்ல, ஊர்க்காரர் அல்ல, தொழிற்சங்கக்காரரும் அல்ல. ஆனாலும் ஒரு மக்களவை உறுப்பினர், பேர்பெற்ற வக்கீல், லயத்தில் கிடக்கும் கூலிக்காரர்களுக்காகச் சிறைக்குப் போகிறார் என்றால் அது சின்னச் செய்தி இல்லை. இதை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

அந்தக் கைது தெற்கே தீயாகப் பரவியது. ஆகஸ்ட் 11 அன்று விடுதலை நாள் என்று அறிவித்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள். அப்போது அலகாபாத் நைனி சிறையில் இருந்த ராம் மனோகர் லோகியா, தன் கட்சியின் ஆட்சியே சுட்டிருக்கிறது, ஆகவே பட்டம் பதவி விலக வேண்டும் என்றார். பட்டம் விலகவில்லை. அந்தப் பூசலும் சேர்ந்து கட்சியைப் பிளந்தது. லோகியா தனிக் கட்சி கண்டார்.

துப்பாக்கியைவிட அமைதியாக இன்னொரு வேலையும் அந்த நாட்களில் நடந்தது. மலைப் பகுதிகளில் அரசு குடியேற்றத் திட்டம் கொண்டுவந்து, சமவெளியிலிருந்து வந்த மலையாள விவசாயக் குடும்பங்களுக்கு ஐந்து ஏக்கர் வீதம் நிலம் கொடுத்தது. கல்லாறில் ஒரு குடியேற்றத்துக்குப் பட்டம் காலனி என்றே பெயர். வந்தவர்களும் ஏழைகள்தான்; அவர்கள்மேல் நமக்குக் கோபம் இல்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த மலையைத் திருத்திய தலித் தொழிலாளி அதே நேரத்தில் கம்பெனி லயத்தில் ஒற்றை அறையில் இருந்தான் என்பதை எங்கே எழுதுவது?

கூலிக்காரனுக்கு ஊர் கிடையாதா?

1955இல் ஃபசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்தது. தெற்கே நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னைக்குத் தரச் சொன்னது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கே என்றது.

திருவிதாங்கூர் - கொச்சித் தரப்பின் வாதம் எளிமையானது: அங்கே இருக்கும் தமிழர் வேலைக்கு வந்துபோகிறவர்கள், நிலையான குடிகள் அல்லர், ஆகவே அவர்கள் தலையை எண்ணி எல்லை போடக் கூடாது. மறுபக்கம் தேயிலை, ஏலம், பெரியாற்று நீர், 1940இல் தொடங்கிய பள்ளிவாசல் மின்சாரம் என்று அந்த மலையின் வருமானம் கண்முன் நின்றது. மொழியை மட்டும் அளவுகோலாக வைக்க முடியாது என்று ஆணையம் முடித்தது. அன்றைய சென்னை முதல்வர் காமராஜரும் இதற்காக மல்லுக்கு நிற்கவில்லை.

இந்த வாதத்தை நாம் நின்று படிக்க வேண்டும். குமரி விவசாயியிடம் நிலம் இருந்தது, வரி ரசீது இருந்தது, கோயிலும் தேவாலயமும் கல்லறையும் இருந்தன. அவன் மண்ணின் மைந்தன். ஏலமலைத் தொழிலாளியிடம் என்ன இருந்தது? லயத்தில் அறை கம்பெனியுடையது. வேலை போனால் அறையும் போகும். பேர் இருந்தது கம்பெனிச் செக்ரோலில். மூன்று தலைமுறை பிறந்து அங்கேயே புதைந்தாலும் அவன் 'வந்துபோகிறவன்'. நிலம் இல்லாததால் ஊர் இல்லை. தலித் என்பதால் நிலம் இல்லை. அவனை நாடோடி ஆக்கியது சாதி. பிறகு நாடோடி என்று காரணம் காட்டி உரிமையை மறுத்தது சட்டம்.

இங்கே நேசமணியின் இயக்கத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அது தமிழர் என்ற பெயரில் பேசியது. அந்தத் தமிழருக்குள் யாரிடம் நிலம், யாரிடம் இல்லை என்று அது பேசவில்லை. எல்லை மாறினால் தேவிகுளம் தொழிலாளிக்கு ஐந்து ஏக்கர் கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் போடியில் தமிழ் ஆட்சிதான் நடந்தது. இங்கே சேரிக்கு நிலம் வந்துவிட்டதா? 1989 செப்டம்பரில் போடியில் வெடித்த சாதிக் கலவரத்தில் நம் மக்கள் உயிரையும் வீட்டையும் இழந்தபோது, எரித்தவனும் தமிழன், எரிந்தவனும் தமிழன். முக்காலியைத் தூக்கி எறிந்த கை அடுத்த படியாக நிலத்தைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இது ஒரு தனி மனிதரின் குற்றம் இல்லை, அந்தக் காலத்துத் தமிழ் அரசியலின் கண் அவ்வளவுதான் பார்த்தது.

மொழி இயக்கம் விட்ட இடத்தில் செங்கொடி வந்தது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றபோது, எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடிப் பிரச்சாரம் செய்தவர் பண்ணைப்புரத்து பாவலர் வரதராஜன், நம் மண்ணின் தலித் கலைஞர், இளையராஜாவின் அண்ணன். தமிழ்க் கூலிக்காரரிடம் தமிழ்ப் பாட்டு போய்ச் சேர்ந்தது. போனசும் கூலியும் பேசப்பட்டன. நிலம் அப்போதும் பேசப்படவில்லை.

1950 என்னும் கோடு

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மூணாறிலோ பூப்பாறையிலோ பிறந்த ஒரு தலித் மாணவி சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா அலுவலகம் போகிறாள் என்று வையுங்கள். அவளிடம் கேட்கும் முதல் கேள்வி: 1950க்கு முன் உன் முன்னோர் இங்கே இருந்தார்களா?

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதிக்காரர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் பீர் சிங் வழக்கிலும் அதையே உறுதி செய்தது. அதாவது தீண்டாமை மலையேறி வரும், இடஒதுக்கீடு ஏறி வராது.

அந்தத் தேதிக்கு முன் வந்ததை நிரூபிக்க என்ன வேண்டும்? பட்டா வேண்டும், வரி ரசீது வேண்டும், பள்ளிப் பதிவு வேண்டும். கம்பெனி லயத்தில் இருந்தவனிடம் இவை எப்படி இருக்கும்? அன்று தாத்தாவை ஊர் இல்லாதவன் என்றார்கள். இன்று பேத்தியிடம் ஊர் இருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள்.

பட்டியல் சாதிக்கான தனித் தொகுதியான தேவிகுளத்திலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வான ஆ. ராஜாவின் வழக்கை நாம் எல்லோரும் பார்த்தோம். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் தேர்வு செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மதம் பற்றிய கேள்வியோடு, அவர் பாட்டன் பாட்டி 1950க்கு முன் வந்தார்களா பின் வந்தார்களா என்பதும் அங்கே வாதமானது. ஒரு எம்.எல்.ஏ.வுக்கே இந்த நிலை என்றால் ஏலக்காய் எடுக்கும் பெண்ணின் மகளுக்கு என்ன நிலை?

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்கு ஓடிவந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்களோடு சேர்த்து 70 பேர் புதைந்தார்கள். அவர்களில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. இறந்தபோதும் அவர்கள் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி மிஞ்சியது.

ஆனால் அழுகை மட்டுமே நம் வரலாறு இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். எந்தச் சங்கத் தலைவரையும் கிட்டே விடவில்லை. ஒன்பது நாளில் கேட்டதை வாங்கினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் உலகத்துக்கே தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ் தலித் பெண்கள். நிலமும் வீடும் வேண்டும் என்று மலையில் உரக்கக் கேட்ட குரல்களில் அவர்களுடையதும் ஒன்று.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நேசமணி 1968 ஜூன் 1 அன்று மறைந்தார், அப்போதும் நாகர்கோவிலின் மக்களவை உறுப்பினராகவே. அவர் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் 1969இல் வென்றவர் காமராஜர். மார்த்தாண்டத்துக் கல்லூரி ஒன்று நேசமணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மலைக்கு இந்தப் பக்கமும் நமக்கு வழக்கறிஞர்கள் வந்தார்கள். 1982இல் மதுரையில் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கியவர் வழக்கறிஞர் மலைச்சாமி. போடி எரிந்த அதே 1989 செப்டம்பரில்தான் அவர் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து 1990இல் தொல். திருமாவளவன் தொடர்ந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதே 1989இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்த ஆண்டில் அதை நடத்த வேண்டிய மனிதர் போய்விட்டார். சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகும் ஆள் தாலுகாவுக்குத் தாலுகா வேண்டும்.

ஆகவே தோழர்களுக்கு மூன்று வேலைகளைச் சொல்கிறோம். ஒன்று, போடி, கம்பம், தேவாரம் பகுதிகளில் மலையிலிருந்து திரும்பிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த எஸ்டேட், எந்த ஆண்டு, எந்தக் கங்காணி என்று கேட்டு எழுதுங்கள். பழைய செக்ரோல் நகல், பி.எஃப். சீட்டு, ஞானஸ்நானச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் அட்டை எது கிடைத்தாலும் படம் எடுத்து வையுங்கள். நாளை ஒரு மாணவியின் சான்றிதழ் அதில் தொங்கக்கூடும். இரண்டு, சட்டம் படிக்கிறவர்கள் 1950 கோட்டைப் பற்றிய தீர்ப்புகளைப் படியுங்கள். குடிபெயர்ந்த தலித்தின் உரிமை என்பது மும்பை தாராவிக்கும் மூணாறுக்கும் பொதுவான வழக்கு. மூன்று, படித்து முடித்ததும் எல்லோரும் உயர் நீதிமன்றத்துக்கு ஓடிவிடாதீர்கள். போடியிலும் தேவிகுளத்திலும் கோர்ட் இருக்கிறது. அங்கே நம் மக்கள் இன்னும் மரத்தடியில்தான் நின்றுகொண்டிருக்கிறார்கள், தங்கள் தாளைப் படித்துச் சொல்ல ஒருவர் வருவாரா என்று.

முக்காலி போய் நாற்காலி வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நாற்காலியில் உட்காரும் உரிமையை வாங்கித் தந்தவருக்கு நம் வணக்கம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரு துண்டு நிலத்தையும் ஒரு சான்றிதழையும் வாங்கித் தருவது நம் தலைமுறையின் வேலை.